ஓர் ஆங்கில வினைச்சொல்லின் வரலாறு

அரசரின் வரலாறு கல்லிலும் செப்பேட்டிலும் பொறிக்கப்படுகின்றது. பெயர் அறியப்படாத உழவரும் வணிகரும் இல்லறப் பெண்டிரும் வாழ்ந்த வரலாற்றைப் பொறித்து வைப்பார் இலர். ஆயினும் அவ்வரலாறு முற்றாக அழிந்து போவதில்லை. அவர்கள் அடுக்களையிலும் வயலிலும் சந்தையிலும் நாள்தோறும் வழங்கிய சொற்களில் அது பதிந்து கிடக்கின்றது. அருஞ்சொற்களிலும் பார்க்க எளிய சொற்களிலேயே அது மிகுதியாகப் பதிந்துள்ளது. அருஞ்சொல் கற்றோர் வாயில் மட்டும் வழங்குவது. எளிய சொல்லோ எல்லோர் வாயிலும் புகுந்து, நாணயம் போலப் பலர் கையும் பட்டுத் தேய்ந்து, காலந்தோறும் புதுப்பொருள் ஏற்று வருவது.

ஆங்கில மொழியில் அத்தகைய சொற்களுள் ஒன்று ‘டேக்’ என்னும் வினைச்சொல். ஆங்கிலங் கற்கப் புகுந்த தமிழ் மாணவன் முதலாண்டிலேயே இதனைச் சந்திக்கின்றான். ‘எடு’ என்பது இதன் பொருள் என்று அவனுக்குக் கற்பிக்கப்படுகின்றது. புத்தகத்தை எடுத்தலைக் குறிக்கும்போது அப்பொருள் செவ்வனே பொருந்துகின்றது. சில நாட்களின் பின்னர் அதே சொல் மருந்து உண்பதற்கும், தேநீர் அருந்துவதற்கும், ஆசனத்தில் அமர்வதற்கும், பேருந்தில் ஏறுவதற்கும், பரீட்சைக்குத் தோற்றுவதற்கும், சத்தியம் செய்வதற்கும், விடைபெறுவதற்கும், கோட்டையைப் பிடிப்பதற்கும் வழங்கப்படுவதைக் கண்டு அவன் மயங்குகின்றான். எண்களுள் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பதும் ‘டேக்’. ஒருவரைப் பிறிதொருவராக எண்ணி ஏமாறுவதும் ‘டேக்’ என்பதன் வழியாகவே சொல்லப்படும். ஒரு சிறு சொல் இத்துணைப் பொருளையும் தாங்குவது எவ்வாறு என்னும் வினா அவன் உள்ளத்தில் எழுவது இயல்பே.

இவ்வினா பேரகராதி தொகுத்தோரையும் எதிர்கொண்டதாகும். ஒக்ஸ்போட் ஆங்கிலப் பேரகராதியின் முதற் பகுதி 1884ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முழு நூலும் நிறைவெய்தியது 1928ஆம் ஆண்டிலேயாகும். அதன் தலைமைப் பதிப்பாசிரியராகிய சேர் ஜேம்ஸ் மறே, ‘டேக்’ என்னுஞ் சொல் அடங்கிய எழுத்தின் பகுதியைத் தாமே பதிப்பித்தார். மிக நீண்ட விளக்கங்களைப் பெற்றவை அரிய கலைச்சொற்கள் அல்ல என்பது அவ்வகராதியைப் புரட்டுவார்க்கு விளங்கும். ஓடுதல், வைத்தல், போதல், எடுத்தல் முதலியவற்றைக் குறிக்கும் சிறு வினைகளே பக்கம் பக்கமாக விரிந்து கிடக்கின்றன. ஓடுதலைக் குறிக்கும் ‘றன்’ என்னும் வினை ஒன்றற்கு மாத்திரம் 645 பொருள்கள் வகுக்கப்பட்டுள்ளன என்று 2011ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ‘டேக்’ என்பதும் அக்குடும்பத்தைச் சேர்ந்த சொல்லே. ஆயினும் ஏனையவற்றிற்கில்லாத ஒரு தனி வரலாறு இதற்குண்டு. ஆங்கிலேயர் வாழ்க்கையின் ஒவ்வொரு மூலையிலும் குடிகொண்டிருக்கும் இச்சொல், பிறப்பால் ஆங்கிலச் சொல் அன்று. கடல் கடந்து வந்து நாட்டைச் சூறையாடிய அந்நியரோடு இது வந்தது.

வடகடலைக் கடந்து பிரித்தானியத் தீவிற் குடியேறிய ஆங்கிலர், சட்சனர் முதலியோர் பேசிய பழைய ஆங்கிலத்தில், எடுத்தலைக் குறித்த சொல் ‘நிமன்’ என்பதாகும். ஜெர்மானிய மொழியில் இன்றும் வழங்கும் ‘நேமென்’ என்பதும், ஒல்லாந்தர் மொழியிலுள்ள ‘நேமன்’ என்பதும் இதன் உடன்பிறப்புகள். கையால் எடுப்பதற்கும், பகைவரைச் சிறைப்பிடிப்பதற்கும், பரிசு பெறுவதற்கும் இச்சொல்லே போதியதாயிருந்தது. தத்தம் மொழியில் இத்தகைய சொல் ஒன்று நன்கு வேரூன்றியிருக்கும்போது, வேறொரு சொல்லைப் பிறர்பாற் கடன் வாங்க வேண்டிய தேவை எவர்க்கும் இல்லை. அங்ஙனமிருந்தும் கடன் வாங்கப்பட்டது. தேவையற்ற இக்கடன் எவ்வாறு நேர்ந்தது என்பதே இச்சொல்லின் வரலாற்றில் ஆராய்தற்குரியது.

793ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடகீழ்க் கரைக்கப்பாலுள்ள லிண்டிஸ்பாண் என்னும் சிறு தீவின் துறவியர் மடத்தை வைக்கிங்குகள் எனப்படும் வடநாட்டுக் கடலோடிகள் தாக்கினர். துறவியர் கொல்லப்பட்டனர், திருப்பொருள்கள் கொள்ளையிடப்பட்டன. அன்று தொடங்கிய தாக்குதல்கள் ஆண்டுதோறும் பெருகின. தொடக்கத்தில் அவர்கள் கோடையில் வந்து கொள்ளையிட்டுத் திரும்பினர். 865ஆம் ஆண்டிலோ டேனியரின் பெரும்படை ஒன்று நாட்டைப் பிடிக்கும் நோக்குடன் கீழை ஆங்கிலியாவில் வந்திறங்கியது. மறு ஆண்டில் யோர்க் நகரம் அதன் வசமாயிற்று. 878ஆம் ஆண்டில் எடிங்டன் என்னுமிடத்தில் நடந்த போரில் வெசெக்ஸ் மன்னனாகிய அல்பிரெட், டேனியர் தலைவனாகிய குத்ரம் என்பவனை வென்றிராவிடில், ஆங்கிலேயர்க்கு அரசென ஒன்று எஞ்சியிருக்குமோ என்பது ஐயத்திற்குரியது. அவ்வெற்றியின் பின்னர் இருவரும் ஓர் உடன்படிக்கை செய்து எல்லை வகுத்தனர். வடக்கிலும் கிழக்கிலும் டேனியரின் வழக்கே செல்லும் என்றாகிய நிலப்பரப்பு, பிற்காலத்தில் ‘டேன்லோ’, அஃதாவது ‘டேனியர் சட்டம் வழங்கும் நாடு’ எனப் பெயர் பெற்றது.

மொழி வரலாற்றை ஆராய்வோர்க்குப் போர்களிலும் பார்க்க முக்கியமானது 876ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றாகும். அவ்வாண்டில் டேனியர் தலைவனாகிய ஹல்ப்டன் நொதம்பிரிய நாட்டின் நிலங்களைத் தன் வீரர்க்குப் பங்கிட்டளித்தான் என்றும், அவர்கள் உழுது பயிரிடத் தொடங்கினர் என்றும் ஆங்கிலோ சட்சன் வரலாற்றுக் குறிப்பேடு கூறுகின்றது. வாளேந்தி வந்தோர் மேழி பிடித்தனர். கொள்ளையர் குடியானவராயினர். டார்பி, கிறிம்ஸ்பி, விற்பி என்றாற்போல ‘பி’ என்னும் ஈற்றையுடைய ஊர்ப்பெயர்களிலும், ஸ்கந்தோப் போல ‘தோப்’ என முடியும் பெயர்களிலும் அவர்கள் குடியேறிய சுவடு இன்றுங் காணப்படுகின்றது.

அயலவராக வாழ நேர்ந்த இவ்விரு சாராரும் பேசிய மொழிகள் ஒன்றற்கொன்று முற்றும் அந்நியமானவை அல்ல. இரண்டும் ஜெர்மானிய இனத்து மொழிகள். வீடு, நிலம், மகன், வருதல் முதலியவற்றைக் குறிக்கும் சொற்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலித்தன. வேறுபட்டவை பெரும்பாலும் சொல்லின் ஈறுகளும் சிற்சில அடிச்சொற்களுமேயாம். ஆடு மாடு விலை பேசுவதற்கும் வேலித் தகராறு தீர்ப்பதற்கும் மொழிபெயர்ப்பாளன் வேண்டப்படவில்லை. பின்னர்க் கலப்புமணங்களும் நிகழ்ந்தன. தந்தை ஒரு சொல்லையும் தாய் மற்றொரு சொல்லையும் வழங்கிய வீடுகளில், குழந்தைகள் இரண்டையும் ஒருங்கே கற்று வளர்ந்தனர்.

அத்தகைய வீடுகளில் ஒலித்த வடமொழியாளர் சொற்களுள் ஒன்றே ‘தக்கா’ என்பது. இங்கு வடமொழி என்றது ஸ்கந்திநேவிய நாடுகளின் பழைய நோர்ஸ் மொழியை. இச்சொல்லின் இறந்தகால வடிவம் ‘தோக்’. இதன் பழைய உறவாகிய ‘தேக்கன்’ என்னுஞ் சொல், 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கொதிக்க மொழி விவிலியத்தில் ‘தொடுதல்’ என்னும் பொருளிலே காணப்படுகின்றது. எனவே விரல் நுனியால் ஒன்றைத் தீண்டுதலே இச்சொற் குடும்பத்தின் மிகப் பழைய பொருளாக விளங்குகின்றது. தொட்டது பற்றுதலாகவும், பற்றியது கைக்கொள்ளுதலாகவும் வளர்ந்தன. ‘தக்கா’ என்பதே ஆங்கிலத்திற் புகுந்து, ஒலி திரிந்து, ‘டேக்’ ஆயிற்று.

ஆங்கில எழுத்தில் இச்சொல்லின் முதற் சுவடுகளுள் ஒன்று 1071ஆம் ஆண்டு நிகழ்ச்சியைப் பற்றிய குறிப்பில் உள்ளது. நோமானிய மன்னனாகிய முதலாம் வில்லியம், ஈலி என்னுஞ் சதுப்புநிலத் தீவிற் கலகஞ் செய்தோரை அடக்கிய செய்தியை மேற்குறித்த வரலாற்றுக் குறிப்பேட்டின் பிரதிகளுள் ஒன்று கூறுகின்றது. மன்னன் அவர்களுடைய கப்பல்களையும் படைக்கலங்களையும் கைப்பற்றினான் என்னுமிடத்தில், எழுதியவர் ‘நிமன்’ என்னும் பழைய வினையை வழங்கினார். அவர்களையும் பிடித்தான் என்னுமிடத்திலோ ‘தோக்’ என்னும் புதிய வினையை வழங்கினார். பழைய சொல்லும் புதிய சொல்லும் ஒரே வாக்கியத்தில் அருகருகே நிற்கும் அரிய காட்சி இதுவாகும்.

இக்குறிப்பின் காலம் ஊன்றி நோக்கத்தக்கது. டேனியனாகிய கனூட் இங்கிலாந்து முழுவதையும் ஆளத் தொடங்கியது 1016ஆம் ஆண்டில். அவன் மரபினர் ஆட்சி 1042ஆம் ஆண்டில் முடிவுற்றது. 1066ஆம் ஆண்டில் நோமானியர் நாட்டைக் கைப்பற்றிப் பிரெஞ்சு மொழியை அரண்மனைக்கும் நீதிமன்றத்திற்கும் உரிய மொழியாக்கினர். டேனியரின் வாள்வலி ஒழிந்து, அவர்கள் மொழிக்கு அரச ஆதரவு சிறிதும் இல்லாதொழிந்த அக்காலத்திலேதான் ‘டேக்’ எழுத்தில் இடம்பெற்றுப் பரவத் தொடங்கியது. ஆணையினாலும் அதிகாரத்தினாலும் இச்சொல் நிலைபெற்றது என்று கொள்வதற்கு இடமில்லை. அது நிலைபெற்றது அயலார் வாய்வழக்கினாலேயே.

அதன் பரவல் மிக மெதுவானது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லிங்கன் நாட்டுப் பகுதியைச் சேர்ந்த ஓம் என்னுந் துறவி, விவிலியச் செய்திகளை விளக்கி ‘ஓமுலம்’ என்னுஞ் செய்யுள் நூலை இயற்றினார். ஆசிரியரின் பெயரே நோர்ஸ் பெயர். பாம்பு என்பது அதன் பொருள். டேனியர் குடியேறிய பகுதியில் எழுந்த இந்நூலில் ‘டேக்’ என்னும் வினை தயக்கமின்றி வழங்குகின்றது. தெற்கிலும் மேற்கிலுமோ அக்காலத்தில் ‘நிமன்’ மரபே உரமாக நின்றது. இவ்விரு சொற்களின் போட்டி பகுதிக்குப் பகுதி எவ்வாறு நடந்தது என்பதை அக்கால நூல்களில் எண்ணிக் கணக்கிட்டு, அலரிக் றைனெல் என்னும் சுவீடன் நாட்டறிஞர் 1948ஆம் ஆண்டில் ஒரு தனி நூலே வெளியிட்டார். 14ஆம் நூற்றாண்டில், டேனியர் வழக்குக் கலந்த கிழக்கு மத்திய நாட்டு மக்கள் பலர் பிழைப்பை நாடி இலண்டனிற் குடியேறினர். அவர்களுடைய பேச்சு தலைநகரின் பேச்சை மாற்றியது. 1400ஆம் ஆண்டில் இறந்த இலண்டன் கவிஞராகிய ஜெவ்றி சோசரின் பாடல்களில் ‘டேக்’ என்பதே ஆட்சி செய்கின்றது. வைக்கிங்குகளின் வாளொலி ஓய்ந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னரே அவர்களுடைய வினைச்சொல் இலண்டனை வென்றது.

இத்தகைய போட்டி மக்களின் அன்றாட வாழ்வில் எவ்வளவு குழப்பம் விளைத்தது என்பதற்கு ஒரு சான்றுண்டு. இங்கிலாந்தில் அச்சுக்கலையைத் தொடங்கிய வில்லியம் கக்ஸ்டன், 1490ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலொன்றின் முன்னுரையில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றார். தேம்ஸ் ஆற்றில் காற்றின்றிக் கப்பல் நின்றமையாற் கரையிறங்கிய வணிகர் சிலர், ஒரு வீட்டிற் சென்று முட்டை கேட்டனர். அவர்களுள் ஒருவர் முட்டைக்கு வழங்கிய ‘எக்ஸ்’ என்னுஞ் சொல் நோர்ஸ் வழிவந்தது. வீட்டுக்காரியோ ‘ஐரன்’ என்னும் பழைய ஆங்கிலச் சொல்லையே அறிந்திருந்தாள். எனவே தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று அவள் விடையிறுத்தாள். வணிகர்க்கும் பிரெஞ்சு தெரியாது. ஆதலின் அவருக்குச் சினம் மூண்டது. பிறிதொருவர் பழைய சொல்லைக் கூறிய பின்னரே முட்டை பற்றிய பேச்சு அவளுக்கு விளங்கியது. இன்று அவள் அறிந்த சொல் மறைந்துவிட்டது. அவள் அந்நியமொழி என்று கருதிய சொல்லே ஆங்கிலமாக நிற்கின்றது.

ஒரு மொழி பிறமொழியிலிருந்து பெயர்ச்சொற்களைக் கடன் வாங்குவது எங்கும் நிகழ்வது. புதிய பொருள் வரும்போது அதன் பெயரும் உடன் வருகின்றது. போர்த்துக்கேயரிடமிருந்து அலுமாரி, மேசை, கதிரை, சப்பாத்து, பாண் என்பனவற்றையும், ஒல்லாந்தரிடமிருந்து கந்தோர் என்பதையும் ஈழத்துத் தமிழ் ஏற்றுக்கொண்டது. ஆயினும் எடுத்தல், கொடுத்தல், வருதல், போதல் ஆகியவற்றிற்கு அவர்களுடைய வினைகளை அது ஏற்கவில்லை. ஆட்சியாளர் கோட்டைக்குள்ளும் கந்தோருக்குள்ளும் வாழ்ந்தனர். மக்கள் வெளியே வாழ்ந்தனர். நோமானியர் ஆட்சியும் இங்கிலாந்தில் ஏறக்குறைய இதனை ஒத்ததே. நீதி, அரசாங்கம், படை, சமையல், கலை முதலிய துறைகளில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்திற் புகுந்தன. ஆயினும் எடுத்தலைக் குறிக்கும் ‘பிறாந்திர்’ என்னும் பிரெஞ்சு வினை ஆங்கிலேயரின் அன்றாட வினையாக இடம்பெறவில்லை. அது தன் சொற்றொடர் மரபுகளுட் சிலவற்றை ‘டேக்’ என்னும் வினைக்கு அளித்ததோடு அமைந்தது.

டேனியரிடமிருந்து ஆங்கிலம் பெற்றவை வேறு வகையின. முட்டை, கத்தி, தோல், வானம், கணவன் என்பனவற்றைக் குறிக்கும் சொற்கள் அவற்றுட் சில. சாளரத்தைக் குறிக்கும் ‘விண்டோ’ என்பதும் அவர்கள் தந்ததே. ‘காற்றின் கண்’ என்பது அதன் பொருள். காற்று வரும் வழி எனப் பொருள்படும் ‘காலதர்’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லை அது நினைவூட்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, ‘அவர்கள்’ எனச் சுட்டும் ‘தே’ என்னும் பெயரையே ஆங்கிலேயர் டேனியரிடமிருந்து பெற்றனர். இவை அரசவைச் சொற்கள் அல்ல. அடுப்படியிலும் திண்ணையிலும் வழங்குவன. ஆட்சியாளன் மொழி அலுவலுக்குச் சொல் தருகின்றது. அயலான் மொழி வாழ்க்கைக்குச் சொல் தருகின்றது. இவ்வேற்றுமைக்கு ‘டேக்’ என்பதிலும் சிறந்த சான்று காண்டல் அரிது.

தோல்வியுற்ற ‘நிமன்’ என்னும் பழைய வினையின் கதி இரங்கத்தக்கது. அரசரும் துறவியரும் புலவரும் வழங்கிய அச்சொல், 17ஆம் நூற்றாண்டளவில் ‘நிம்’ எனச் சுருங்கித் திருடரின் குழூஉக்குறியாகத் தாழ்ந்தது. பிறர்பொருளைக் கவர்தல் என்பதே அப்போது அதன் பொருள். சேக்ஸ்பியர் ‘ஐந்தாம் ஹென்றி’ முதலிய நாடகங்களில் களவில் நாட்டமுள்ள போர்வீரன் ஒருவனுக்கு ‘நிம்’ என்று பெயரிட்டமை இதனைக் கருதியே. விரைவும் இலாவகமும் உடையவனைக் குறிக்கும் ‘நிம்பிள்’ என்னும் அடை, பற்றுதலில் வல்லவன் என்னும் பழம்பொருளிலிருந்து வந்தது. உணர்வற்று மரத்துப்போன உறுப்பைக் குறிக்கும் ‘நம்’ என்னும் அடை, அவ்வினையின் பழைய எச்ச வடிவமேயாகும். குளிராலோ நோயாலோ ‘பிடிக்கப்பட்டது’ என்பது அதன் முதற் கருத்து. பேரரசிழந்த மன்னனின் வழித்தோன்றல்கள் சிற்றூர்களில் மறைந்து வாழ்வதுபோல, அப்பழைய வினை இச்சிறு சொற்களில் மறைந்து வாழ்கின்றது. ஐஸ்லாந்து மொழியில் அதன் உறவுச்சொல் மேன்மையடைந்தது. அங்கு அது கல்வியை மனத்தாற் பற்றுதலைக் குறித்தது. மாணவனை அந்நாட்டார் இன்றும் அவ்வினையடியாகப் பிறந்த சொல்லாலேயே அழைக்கின்றனர்.

இனி, ‘டேக்’ என்பதன் பொருள்கள் விரிந்த வகையை நோக்கலாம். அவை ஒழுங்கின்றிச் சிதறியவை அல்ல. ஒரே அடிமரத்திலிருந்து கிளைத்தவை. கையாற் பற்றுதல் முதற்கிளை. பகைவரையும் நகரையும், சதுரங்கத்திற் காயையும் பிடித்தல் வலிமை பற்றிய கிளை. பிறர் தருவதை ஏற்றல், மருந்தும் உணவும் உட்கொள்ளல் என்பன பெறுதல் பற்றிய கிளை. கருத்தைப் புரிந்துகொள்ளல், ஒன்றை இன்னதெனக் கருதல் என்பன உள்ளம் பற்றிய கிளை. பின்னர் வினைமுதலே மாறிற்று. மனிதன் பொருளைப் பற்றுவதுபோலப் பொருளும் மனிதனைப் பற்றலாயிற்று. நோய் ஒருவனைப் பற்றுவதும், ஒரு வேலை மூன்று நாட்களை ‘எடுப்பதும்’ இவ்வாறு வந்தவை.

தமிழறிந்தார்க்கு இவ்விரிவு வியப்புத் தருவதன்று. ‘எடு’ என்பதிலும் பார்க்க, ‘கொள்’ என்னுந் தமிழ் வினையே ‘டேக்’ என்பதற்கு நெருங்கிய இணையாகும். நாடு கொள்வதும் பெண் கொள்வதும் மருந்து உட்கொள்வதும் பங்கு கொள்வதும் துயில் கொள்வதும் தமிழில் உண்டு. ‘எனக் கொள்க’ என்று உரையாசிரியர் கூறுமிடத்து அது உள்ளத்தின் செயலாகின்றது. ‘கொள்வனவு’ என்பது முறையாக வாங்குதல். ‘கொள்ளை’ என்பது முறையின்றிப் பறித்தல். ஒரே வினையடி அறத்திற்கும் மறத்திற்கும் இடந்தருகின்றது. எனவே ‘எடு’ என்று மட்டும் கற்ற மாணவன், ‘கொள்’ என்பதையும் உடன் நினைப்பானாயின் அவன் மயக்கத்திற் பெரும்பகுதி நீங்கிவிடும்.

இடைச்சொற்களோடு சேரும்போது ‘டேக்’ மேலும் பல வடிவங் கொள்கின்றது. ‘உள்’ எனப் பொருள்படும் ‘இன்’ அதனோடு சேர்ந்தால், வழிப்போக்கனுக்கு வீட்டில் இடமளித்தலையும், சட்டையின் அகலத்தைக் குறைத்தலையும், பாடத்தை விளங்கிக்கொள்ளலையும், ஒருவனை வஞ்சித்து ஏய்த்தலையும் குறிக்கும். ‘ஒவ்’ என்பதோடு சேர்ந்தால் உடையைக் களைதலும், பிறரைப் போல நடித்து நகைத்தலும், விமானம் நிலத்தைவிட்டு எழுதலும் பொருளாம். ‘பின்’ எனப் பொருள்படும் ‘ஆவ்ற்றர்’ சேர்ந்தால் பிள்ளை பெற்றோரைச் சாயலால் ஒத்திருத்தலைச் சுட்டும்.

முன்னொட்டுப் பெற்ற சொற்களும் வரலாறு உடையன. தவறுதலைக் குறிக்கும் ‘மிஸ்டேக்’ நோர்ஸிலிருந்தே வந்தது. பிழையாகப் பற்றுதல் என்பது அதன் கருத்து. ‘அண்டர்டேக்’ என்பது ஒரு பணியை மேற்கொள்ளல். பழைய ஆங்கிலத்தில் ‘நிமன்’ என்னும் வினையோடு வழங்கிய அதே முன்னொட்டு, அவ்வினை வீழ்ந்தபோது புதிய வினையோடு ஒட்டிக்கொண்டது. பொறுப்பேற்ற எவரும் முன்னாளில் ‘அண்டர்டேக்கர்’ எனப்பட்டனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிற் பறிக்கப்பட்ட நிலங்களில் பிரித்தானியக் குடிகளைக் குடியேற்றப் பொறுப்பேற்ற பெருநிலக்காரருக்கும் அதுவே பெயர். அந்நூற்றாண்டின் இறுதியளவில் இறந்தோரின் ஈமக்கடன்களை ஒப்புக்கொண்டு நடத்துவோருக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. இன்று அப்பொருளே ஏனையவற்றை ஒதுக்கி முன்னிற்கின்றது.

புதிய கருவிகள் தோன்றுந்தோறும் இவ்வினை அவற்றிற்கும் பயன்பட்டது. 19ஆம் நூற்றாண்டிற் புகைப்படம் தோன்றியபோது அதனை ‘எடுத்தனர்’. புகையிரதமும் விமானமும் வந்தபோது பயணி அவற்றை ‘எடுத்தான்’. தமிழிலும் இன்று படம் எடுப்பது இயல்பான வழக்காகிவிட்டது. புதுப்பொருளுக்குப் புதுப்பெயர் வேண்டப்படலாம். ஆயினும் அதனை மனிதன் கையாளும் செயலைச் சொல்லப் பழைய சிறு வினையே போதுமாகின்றது.

இவ்வரலாற்றிலிருந்து மொழிப்பற்றுடையார் அறியத்தக்கது ஒன்றுண்டு. அந்நியச் சொல் எதுவாயினும் வரவேற்கத்தக்கது என்பது இதன் கருத்தன்று. ‘டேக்’ வென்றபோது ‘நிமன்’ வீழ்ந்தது. முன்னோர் பல நூற்றாண்டுகள் வழங்கிய சொல்லொன்று திருடர் வாயில் முடிந்தது. அவ்விழப்பு இழப்பே. பழைய ஆங்கில நூல்களை இன்றைய ஆங்கிலேயர் தனியே பயின்றன்றிப் படித்தறிய இயலாமைக்கு இத்தகைய இழப்புகளும் காரணமாகும். ஆயின் அந்நியச் சொல் யாவும் அடிமைத்தனத்தின் அடையாளம் என்று கூறுதலும் பொருந்தாது. ‘டேக்’ என்பதை ஆங்கிலேயர் மீது எவரும் சுமத்தவில்லை. அது வந்து சேர்ந்தபோது, ஆங்கில இலக்கணத்திற்குப் பணிந்து, ‘ஷேக், ஷுக்’ என்றாற்போன்ற பழைய வினைகளின் வரிசையில் ‘டேக், டுக்’ என நின்றது. வந்த சொல் வீட்டின் ஒழுங்கை ஏற்றுக்கொண்டமையின் வீட்டார் அதனைத் தம்முள் ஒருவராக ஏற்றனர். ஒரு மொழி எத்தனை சொற்களைக் கடன் வாங்கியது என்பதனால் மட்டும் அதன் வலிமை அளக்கப்படுவதில்லை. வாங்கியதைத் தன் இயல்புக்கு இணங்கச் செய்துகொண்டதா என்பதனாலேயே அளக்கப்படும்.

லிண்டிஸ்பாண் மடத்தில் இரத்தஞ் சிந்தியோரின் பெயர்களை இன்று எவரும் அறியார். அவர்கள் கவர்ந்து சென்ற பொன்னும் வெள்ளியும் உருகிப் போயின. எஞ்சியவை அவர்களுக்குப் பின்வந்து உழுது பயிரிட்டு, ஆங்கிலேயப் பெண்களை மணந்து, அயலாரோடு பேசிப் பழகிய எளியோரின் சொற்களே. பறித்தலைக் குறித்து வந்த வினையைக் கொண்டுதான், ஆங்கிலேயர் இன்று வீட்டிற்கு வந்த விருந்தினரை ஆசனத்தில் அமருமாறு வேண்டுகின்றனர்.